உப்புத் தண்ணீரில் பதினெட்டாம் பெருக்கு

நானும் வெளிநாட்டில் குடித்தனம் செய்தவன். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். கும்பகோணத்தில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் வண்டி மாறி, புதுச்சேரியில் இறங்கியவனுக்கு வெளிநாடு என்ன கேடு என்று கேட்கிறார்கள். சட்டம் என் பக்கம் இருக்கிறது. ரயிலை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்லும் சுங்கக்காரருக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் வெளிநாடுதான். ஆட்சி பிரெஞ்சுக்காரருடையது. தபால்தலை வேறு, கொடி வேறு, போலீஸ்காரர் தலையில் தொப்பி வேறு. பேச்சு மட்டும் தமிழ். அதுவும் எங்கள் ஊர்த் தமிழ் அல்ல. கடைக்காரர் "இன்னா வோணும்?" என்று கேட்டதும், அவர் தன்னை அதட்டுகிறார் என்று நினைத்து என் மனைவி ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இது நடந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. அங்கே ஓர் அச்சுக்கூடத்தில் எனக்குப் பிழை திருத்துகிற வேலை. பிறர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கினேன். என் பிழைகளைத் திருத்த வீட்டில் ஓர் ஆள் சம்பளம் இல்லாமல் இருந்தாள். அவளுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காலை எட்டு மணிக்கு நான் கிளம்பினால் மாலை ஆறு மணி வரை அவளுக்குப் பேச்சுத்துணை ஒரு பல்லி. பத்து மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சொன்னாள்:

"இந்த ஊருல தெருவெல்லாம் கோடு போட்டு வெட்டினாப்ல இருக்கு. எங்க நின்னாலும் கடைசி வரைக்கும் தெரியுது. ஒரு முடுக்குல திரும்பி நின்னு அழுவலாம்னாகூட எடமில்ல."

அந்த ஊர்த் தெருக்களின் நேர்த்தியைப் புகழ்ந்து பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் குறையை எடுத்துச் சொன்னவர்கள் யாரும் இல்லை.

ஆனி மாதத்தில் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதி, ஒட்டி, தபாலில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். "வந்து அழைச்சிக்கிட்டுப் போன்னு" என்றாள். போட்டுவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது? தொலைத்துவிட்டேன் என்று சொல்லலாம். அவள் நம்பமாட்டாள். அதற்குப் பிறகு நான் ஒரு வாரம் கெஞ்சியதன் பலனாக ஒரு தவணை கிடைத்தது.

"பதினெட்டாம் பெருக்கை இங்க கும்பிட்டுப் பாக்கறேன். ஒரு தண்ணி பாத்துச் சொல்லுங்க. மனசுக்குச் சரியாப்பட்டா இருக்கேன். இல்லேன்னா மறுநாள் அண்ணனோட போயிடறேன். போனா, இந்த ஊருக்குத் திரும்பி வருவேன்னு நெனைக்காதீங்க."

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஆடி பதினெட்டு என்றால் என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருக்கும். காவிரிக்கு அப்போது மசக்கை என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கட்டிக் கொண்டுபோவது போல் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் கொண்டுபோய்ப் படைத்து, கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவளுக்கு நகையாகக் காதோலை, கருகமணி, பிறகு பூ, விளக்கு எல்லாவற்றையும் தண்ணீரில் விட வேண்டும். பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆக, சோறு கிடைக்கும், கயிறு கிடைக்கும். ஆறு வேண்டும்.

நான் ஆறு தேடப் புறப்பட்டேன். எனக்கு இருந்தது பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. வில்லியனூர்ப் பக்கம் ஓர் ஆறு இருக்கிறது என்றார்கள். வண்டி வைத்துக்கொண்டு போனேன். இருந்தது. மணல் இருந்தது, இரண்டு கரையும் இருந்தன, நடுவில் ஒரு குழியில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. அதை ஓர் ஆடு குடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடித்து முடித்துவிடும் போல இருந்தது. ஊருக்கு நடுவே ஓடும் பெரிய வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன். அதன் கரையில் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் நிற்பவன் காவிரியையே கண்டிராதவனாக இருக்க வேண்டும். குளங்களில் வண்ணார்கள் இருந்தார்கள். மிச்சம் இருந்தது கடல் ஒன்றுதான்.

கடலை என் மனைவியிடம் விற்பது சுலபமாக இல்லை. "காவிரி கடைசியில் கடலில்தானே போய் விழுகிறது?" என்றேன், படித்தவன் என்ற முறையில்.

"பூம்புகார்ல விழுவுது. அது தெக்க இருக்கு. அங்க விழுந்த தண்ணி இங்க வரைக்கும் வருமா? கேட்டுட்டு வாங்க."

நான் கடலைப் பற்றிப் படித்ததெல்லாம் இந்தக் கேள்விக்குப் பயன்படவில்லை. கடற்கரையில் வலை கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்த வீராம்பட்டினத்துக்காரர் ஒருவரிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் தலைநிமிராமலே சொன்னார்:

"இந்த மாசத்துல தண்ணி தெக்கேருந்து வடக்கதாங்க வலிக்குது. நாகப்பட்டணத்துல உட்ட கட்டை இங்க வந்து ஒதுங்கும். இன்னா, ஏதாவது உட்டுட்டீங்களா?"

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் யோசித்தாள். "செரி" என்றாள். பத்து மாதத்தில் என்னிடம் அவள் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அது. அதுவும் நான் சொன்னதல்ல.

இனி, பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றி. ஐம்பது வயதிருக்கும். கத்தோலிக்கர். தெருவில் எல்லாரும் அவரை மதாம் என்பார்கள், பிரெஞ்சில் 'அம்மா' என்று மரியாதையாம். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக சைகோனில் இருந்தவர். இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜூலை பதினாலாம் தேதி அந்த ஊரில் பெரிய பண்டிகை. எப்போதோ பாரிஸில் ஒரு சிறைச்சாலையை இடித்தார்களாம். அதற்காகப் புதுச்சேரியில் கொடி கட்டி, வாண வேடிக்கை விட்டு, வழுக்குமரம் ஏறுகிறார்கள். அன்றைக்கு மதாம் எங்களுக்கு ஒரு தட்டு நிறையக் கேக்கும் வாழைப்பழமும் கொடுத்தனுப்பினார். "நம்ம பண்டிகைக்கு நாமளும் அவங்களைக் கூப்பிடணும்" என்றாள் மனைவி. ஒருவர் பண்டிகையில் ஒருவர் வாய் நனைத்துவிட்டால் பிறகு சும்மா இருக்க முடியுமா?

பெருக்குக்கு முதல் நாள் காலையில் கூப்பிட்டேன். கூப்பிட்ட விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தப்பு அங்கேதான். அச்சுக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மதாம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நாளை சாயங்காலம் நாங்க கடலுக்குப் போறோம். பூ, விளக்கு, சோறு எல்லாம் கொண்டுபோய்த் தண்ணீர்ல விடுவோம். அங்கேயே உக்காந்து சாப்பிடுவோம். நீங்களும் வரணும்."

"கடலுக்கா?" என்றார். "பூவும் வெளக்குமா?"

"ஆமாம். வருஷா வருஷம் எங்க வழக்கம்."

அவர் உரித்த வெங்காயத்தை முறத்தில் வைத்தார். பிறகு, "எங்க ஆளுங்களும் வரலாமா, மிசே?" என்று கேட்டார். மிசே என்றால் ஐயா.

"தாராளமா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று நினைத்து நான் வேலைக்கு ஓடினேன். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லும் ஆள் நான். விளக்கம் சொல்லியே பல நண்பர்களை இழந்தவன். அன்று ஒரு நாள்தான் சுருக்கமாகப் பேசினேன்.

அன்று இரவு மைத்துனர் வந்து சேர்ந்தார். என் மனைவியைவிடப் பத்து வயது மூத்தவர், விவசாயி. ஒரு தூக்கில் புளிக்காய்ச்சல், ஒரு மஞ்சள் பையில் காதோலை கருகமணி. "உங்க வெள்ளைக்காரன் ஊர்ல இதெல்லாம் எங்க கெடைக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எந்தச் சாமானை எப்படிக் கட்டலாம் என்று பார்ப்பது போல் எனக்குப் பட்டது. "கடல்லயா பெருக்கு கும்பிடப் போறீங்க? ஏம்மாப்பிள்ளே, ஆறு இல்லேன்னா கெணத்தடியிலயாவது கும்பிடக் கூடாதா?" என்றார். வீராம்பட்டினத்துக்காரர் சொன்னதைச் சொன்னேன். "அவரு தண்ணிக்கு ஊரு பேரு எழுதி ஒட்டி வச்சிருக்காரா?" என்றார்.

மறுநாள் அச்சுக்கூடத்துக்கு லீவு போட்டு, மாலை நாலரை மணிக்கு, சோற்றுப் பாத்திரங்களை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வடக்கே மீனவர் குப்பத்து மணலுக்குப் போனோம். கடற்கரைச் சாலையிலிருந்து கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்திலிருந்து விடலாம் என்று நான் சொன்ன யோசனை, "ஒசரத்துலேருந்து எறியறதுக்கு அது என்ன குப்பையா?" என்ற கேள்வியில் அடிபட்டுப்போயிருந்தது.

மனைவி ஈர மணலில் மஞ்சள் பிள்ளையாரை வைத்தாள். விளக்கு ஏற்றினாள், காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. மைத்துனர் துண்டை விரித்துப் பிடித்தார். நான் இந்தப் பக்கம் போய் நின்றேன், அந்தப் பக்கம் போய் நின்றேன். "ஒரு எடத்துல நில்லுங்களேன், நீங்க நடக்கறதுலதான் காத்து வருது" என்றாள். சோறு படைத்து, கும்பிட்டு, ஒரு வாழைமட்டைத் தொன்னையில் பூ, காதோலை, கருகமணி, வெற்றிலை, வெல்லம் போட்ட காப்பரிசி எல்லாம் வைத்து, முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி விட்டாள்.

ஆற்றுக்கும் கடலுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசத்தை அப்போதுதான் நான் தெரிந்துகொண்டேன். ஆறு கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகும். கடல் திருப்பிக் கொடுக்கும். வந்த அலை தொன்னையைத் தூக்கி அவள் காலடியில் வைத்தது. அவள் மறுபடி விட்டாள். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை கவிழ்ந்து வந்தது. கருகமணி மணலில் கிடந்தது.

"பாத்தியா தங்கச்சி, ஏத்துக்கல" என்றார் மைத்துனர்.

அவள் கருகமணியைப் பொறுக்கி எடுத்தாள். முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரியே பெட்டி கட்டிவிடுவாள் என்று தெரிந்தது. தென்திசையிலிருந்து வரும் தண்ணீரைப் பற்றி இன்னும் ஒரு வாக்கியம் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அந்தச் சமயத்தில்தான் மதாம் வந்தார்.

தலையிலிருந்து கால் வரை கறுப்பு உடுத்தியிருந்தார். கையில் ஒரு நீண்ட மெழுகுவத்தி, வெள்ளைப் பூவால் கட்டிய ஒரு வளையம். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், அவர்களும் கறுப்பு. அவர்களுக்குப் பின்னால் ஒரு முதியவர், பழைய பட்டாளத்துக் கோட்டு, நெஞ்சில் வரிசையாக மெடல்கள். மதாமின் கணவரோடு பட்டாளத்தில் இருந்தவர். தண்ணீரைப் பார்த்ததும் குதிகாலைச் சேர்த்து நின்று கடலுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

மங்கல காரியத்துக்கு எதிரே கறுப்பு உடுத்திய கைம்பெண்கள் மூன்று பேர். மைத்துனர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இது என்ன மாப்பிள்ளே? எழவுக்கு வந்த மாதிரி வராங்க? நீரு என்ன சொல்லிக் கூப்பிட்டீரு?"

"கடலுக்கு வாங்கன்னு."

"எதுக்குன்னு சொல்லலியா?" என்றாள் மனைவி.

"நேரம் இல்லை."

"நேரமில்லியா! மோர்க்காரி காசு கேட்டா பசுவோட பரம்பரையே சொல்ற மனுஷனுக்கு, நேத்துத்தான் நேரமில்லாமப் போச்சா?"

மதாம் இதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மஞ்சள் பிள்ளையார், குங்குமம், மனைவியின் தலை நிறைய இருந்த பூ, வரிசையாக இருந்த சோற்றுப் பாத்திரங்கள். பூவளையத்தைப் புடவைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஐயோ, நான் தப்பா வந்துட்டேன் போலக்கீது. இது நல்ல காரியமா? மிசே பூவும் வெளக்கும் கடல்ல உடறதுன்னு சொன்னாரு... நான் தண்ணில போனவங்களுக்குச் செய்யறதுன்னு நெனச்சிட்டேன். மனசுல வச்சிக்காதம்மா. போறேன்." திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"தண்ணில போனவங்கன்னா யாரு, அக்கா?" என்று கேட்டாள் மனைவி.

மதாம் நின்றார். "எங்க ஊட்டுக்காரருதான். சைகோன்லேருந்து லீவுக்கு வந்தாரு. கப்பல்லயே ஜுரம். கொழும்பு வர்றதுக்கு ரெண்டு நாளு இருக்கச்சொல்ல போயிட்டாரு. துணியில சுத்திக் கடல்ல எறக்கிட்டாங்க. இவருதான் கூட இருந்தாரு." மெடல் முதியவர் தலையை ஆட்டினார். "கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைக்குப் போயி பூ வச்சி மெழுகுத்தி ஏத்துவாங்க. எனக்குப் போறதுக்குக் கல்லறை இல்ல. அடுத்தவங்க கல்லறைக்கிட்ட போயி நின்னுட்டு வருவேன். உங்க வழக்கத்துல இப்படி ஒண்ணு கீதேன்னு சந்தோஷமாப் போச்சி. அதான் இவங்களையெல்லாம் இட்டுக்கினு வந்துட்டேன்."

என் கையில் எப்படியோ ஒரு கரண்டி இருந்தது. அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தேன். மைத்துனர் மணலைப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் தங்கையின் கழுத்தில் அன்று கட்டப்போகும் மஞ்சள் கயிறு அவருக்குப் பெரிது.

மனைவி பூவளையத்தைப் பார்த்தாள், தன் கையிலிருந்த கவிழ்ந்த தொன்னையைப் பார்த்தாள்.

"நாங்க விட்டதே திரும்பித் திரும்பி வருதுக்கா" என்றாள். "இதுல உங்க பூவை எப்படி விடுவீங்க?"

முதியவர் சிரித்தார். "மதாம், கரையிலேருந்து உட்டா அலை துப்பிடும். இதுகூடத் தெரியாமத்தான் உங்க ஊர்க்காரங்க பூஜை பண்றாங்களா? அலை ஒடையற எடத்தத் தாண்டிக் கொண்டுபோயி உடணும்." என் மனைவியையும் அவர் மதாம் என்றதில் அவள் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள். அவர் குப்பத்துப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டி, "ஏய், அலே, அலே!" என்று பட்டாளத்துப் பிரெஞ்சில் அதட்டினார். கட்டுமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். இதில் ஒன்றும் விசேஷம் இல்லை என்பது போல் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டார். என் மனைவியிடமிருந்து தொன்னையை வாங்கினார், மதாமிடமிருந்து பூவளையத்தை வாங்கினார். பிறகு இரண்டு கையிலும் இரண்டையும் வைத்துக்கொண்டு நியாயமாகவே கேட்டார்:

"ரெண்டயும் ஒரே எடத்துல உட்டுடலாமா, தனித்தனியா உடணுமா?"

மதாம் அவசரமாக, "தனியாவே உட்டுடுப்பா, தூரமா" என்றார்.

"ஒண்ணாவே விடுங்க" என்றாள் என் மனைவி. "வழித்துணையாப் போவட்டும்."

"தங்கச்சி!" என்றார் மைத்துனர்.

"நீ சும்மா இருண்ணே. பெருக்கு யாரோடது, ஒன்னோடதா என்னோடதா?"

கட்டுமரம் அலையில் ஏறி, இறங்கி, காணாமல் போய், மறுபடி தெரிந்தது. உடையும் அலைக்கு அப்பால் அவர் குனிந்து எதையோ வைப்பது தெரிந்தது. மதாம் மெழுகுவத்தியை மணலில் நட்டார். அதற்கும் காற்றுதான். மைத்துனர் ஒரு பெருமூச்சு விட்டுத் துண்டை விரித்துப் பிடித்தார். முதியவர் மறுபடி சல்யூட் வைத்தார். நாங்கள் எல்லாரும் கரையிலேயே நின்றோம். எதுவும் திரும்பி வரவில்லை. நான் கால் மணி நேரம் அலை விளிம்பில் முன்னும் பின்னும் நடந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், வந்துவிடக் கூடாதே என்று. வெற்றிலைகூட வரவில்லை.

மனைவி மஞ்சள் கயிற்றைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டாள். பிறகு எல்லாருக்கும் இலை போட்டாள். முதியவர் புளிச்சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆண்களுக்கும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு உண்டு என்று கேட்டதும் கையை நீட்டினார். மைத்துனர்தான் கட்டினார். கட்டும்போதே, சைகோனில் நெல் எப்படி என்று விசாரித்தார். "அங்க ஒரு வயல்னா அது இந்த ஊரு பெருசு" என்றார் முதியவர். "இருக்காது" என்றார் மைத்துனர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நாற்று என்ன உயரம், அறுப்பு எத்தனை போகம் என்று கேள்வி மேல் கேள்வியாக இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். மறுபக்கம் மனைவியும் மதாமும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் தூரத்தில் நான் போனபோதெல்லாம் எலுமிச்சைச் சோற்றுக்கு எவ்வளவு மஞ்சள்பொடி என்று பேசினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் காலிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். இருப்பாளா போவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக மூன்று தடவை கொல்லைக் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

காலையில் மைத்துனர் குளித்து, திருநீறு பூசி, பையை எடுத்து வைத்துக்கொண்டு, "கெளம்பலாமா தங்கச்சி? வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

"நான் வரலேண்ணே."

"ஏன்? நேத்துப் பெருக்கு சரியாப்பட்டுச்சா ஒனக்கு?"

"அது எப்படிப் பட்டுச்சோ. நவம்பர் மாசம் இவங்களுக்குக் கல்லறைத் திருநாளாம். கட்டுமரம் வச்சிக்கிட்டு இனிமே வருஷா வருஷம் இங்கதான் பூ விடப்போறாங்களாம். அன்னிக்குக் கூட வரேன்னு அக்காவுக்குச் சொல்லிட்டேன்."

"நவம்பருக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு."

"கெடக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கைம்பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை எந்த அண்ணன் மீறச் சொல்வார்? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மாப்பிள்ளே, அந்தப் பட்டாளத்துக்காரர் வீடு எது? அந்த நெல்லு பேரக் கேட்டுக்க மறந்துட்டேன்" என்று கேட்டுவிட்டுத் தனியாக ரயிலுக்குப் போனார்.

அவர் தெருவின் கடைசி வரை போவது நேராகத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்த பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப நீ இருக்கிறது அந்த அம்மாளுக்காகத்தானா? எனக்காக இல்லையா?"

அவள் மிச்சமிருந்த புளிச்சோற்றைத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்காகன்னு சொல்லியிருந்தா அண்ணன் விட்டிருப்பாரா?" என்றாள்.

இது ஆமாம் என்பதா, இல்லை என்பதா? அன்று அச்சுக்கூடத்துக்கு நேர்வழியை விட்டு இரண்டு தெரு சுற்றிப் போனேன். விளங்கவில்லை. இன்னும் ஒரு தெரு சுற்றினேன்.